ஏராவைத் தாங்கும் இடம்

2014 மே 23ஆம் தேதி, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே தலைகீழாக மிதந்துகொண்டிருந்த ஒரு பாய்மரப் படகை அமெரிக்கக் கடற்படைக் கப்பலான ஆஸ்கர் ஆஸ்டின் கண்டுபிடித்தது. நீச்சல் வீரர் ஒருவர் இறங்கிப் பார்த்தார். உள்ளே கடல்நீர் நிரம்பியிருந்தது. உயிர்காப்பு மிதவை அதற்குரிய இடத்திலேயே கட்டியபடி இருந்தது. படகில் புறப்பட்ட 4 பேரில் ஒருவரும் அங்கில்லை. கவிழ்ந்த படகின் நடுவே, அடிப்பகுதியில் பொருத்தப்படும், டன் கணக்கில் எடையுள்ள ஏரா (கீல்) வானத்தை நோக்கி நின்றிருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

படகின் பெயர் சீக்கி ரஃபிகி. பிரான்ஸின் பெனட்டோ நிறுவனம் 2006இல் கட்டிய ஃபர்ஸ்ட் 40.7 வகைப் படகு. கரீபியனில் ஆன்டிகுவா பந்தயத்தில் கலந்துகொண்டுவிட்டு, மே தொடக்கத்தில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பப் புறப்பட்டது. நடுக்கடலில் இருந்தபோது படகுக்குள் நீர் கசிகிறது, நிலைமை மோசமாகிறது என்று மின்னஞ்சல் போனது. மறுநாள் தொடர்பு அறுந்தது. படகில் இருந்தவர்கள் உடலோடு வைத்திருந்த சிறு அபாயக் கருவிகளின் சமிக்ஞை மட்டும் செயற்கைக்கோளுக்குக் கொஞ்ச நேரம் எட்டியது.

ஒரு படகின் ஏரா எப்படி விழும்? பாய் கிழியலாம், பாய்மரம் முறியலாம், சுக்கான் உடையலாம். இவற்றில் எது நடந்தாலும் படகு மிதந்துகொண்டிருக்கும், ஆட்களுக்கு யோசிக்க நேரம் இருக்கும். ஏரா போனால் அந்த நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் கடலோடிகளின் அச்சங்களில் இதற்குத் தனி இடம். விபத்துகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொன்றையும் ஆராய்ந்தவர்கள் எழுதிவைத்த அறிக்கைகளைப் படித்தால், ஏரா அன்றைய அலையால் விழவில்லை என்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. அன்றைக்குப் பல மாதங்களுக்கு முன், சில சமயம் பல ஆண்டுகளுக்கு முன், எங்கோ ஒரு பட்டறையிலோ ஒரு மணல்திட்டிலோ நடந்த ஒன்று அங்கே வந்து முடிந்திருக்கிறது.

ஏரா செய்யும் வேலை இரண்டு. பாயில் மோதும் காற்று படகை முன்னே தள்ளுவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். நீருக்குள் ஆழமாக இறங்கி நிற்கும் ஏரா அந்தப் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. விமானத்தின் இறக்கையில் காற்று எப்படித் தூக்குவிசை தருகிறதோ அதே விதியின்படி ஏராவின் இரு பக்கமும் ஓடும் நீர் எதிர்விசை தருகிறது. காற்று வரும் திசையை நோக்கி ஏறக்குறைய 45 பாகை வரை ஒரு பாய்மரப் படகு ஏறிச் செல்ல முடிவது இதனால்தான்.

இரண்டாவது வேலை எடை. தஞ்சாவூர்ச் செட்டியார் பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்வது அதன் அடியில் உள்ள கனத்தால். பாய்மரப் படகின் கனம் அதன் உடலுக்கும் கீழே, ஒரு தண்டின் நுனியில் தொங்குகிறது. அந்தக் கனம் பெரும்பாலும் ஈயம் அல்லது வார்ப்பிரும்பு. கடல்நீரைவிட ஈயம் 11 மடங்கு அடர்த்தி, வார்ப்பிரும்பு 7 மடங்கு. நவீனப் பாய்மரப் படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைகூட ஏராவிலேயே இருக்கும். படகு பக்கவாட்டில் முழுக்கச் சாய்ந்து பாய்மரம் தண்ணீரைத் தொட்டாலும் இந்தக் கனம் அதை இழுத்து நிமிர்த்திவிடும்.

அந்தக் கனத்தைப் படகோடு எப்படிப் பிணைப்பது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். பழைய முறையில் பிணைப்பு என்பதே பெரிதாக இல்லை. ஏரா என்றால் படகின் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஓடும் அடிமரம். விலா மரங்கள் அதிலிருந்து கிளம்பும். கனத்தை அதன் அடியில் நீளவாக்கில் பொருத்துவார்கள். 1960களில் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்ட சுஹைலி அப்படிப்பட்ட படகு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் அதில் தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர். பயணத்தில் சுஹைலியிலும் ஏராவை ஒட்டிய இணைப்பு கசிந்தது. அவர் கடலில் இறங்கி, மூச்சடக்கி, பஞ்சுத் திரியை இடுக்கில் திணித்து, மேலே செப்புத் தகடு அடித்துச் சரிசெய்தார். பலகை கசிந்ததே தவிர, படகின் கனம் கழன்று போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்காது. அத்தனை நீளத்துக்கு அது மரத்தைப் பற்றிக்கொண்டிருந்தது.

நீளமான ஏரா பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. நீரில் நனையும் பரப்பு அதிகம், உராய்வும் அதிகம். ஒடுக்கமாகவும் ஆழமாகவும் இருக்கும் துடுப்பு வடிவ ஏரா குறைந்த உராய்வில் அதிக எதிர்விசை தரும். கனம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நிமிர்த்தும் ஆற்றலும் கூடும். ஆகவே படகுகள் வேகமாகின. தட்டையான அடிப்பகுதி, நடுவில் ஒரு மெல்லிய துடுப்பு, அதன் நுனியில் ஈயக் குமிழ் என்ற அமைப்பு பந்தயப் படகுகளிலிருந்து குடும்பத்தோடு உலாப் போகும் படகுகள் வரை பரவியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காற்றை எதிர்த்து ஏறும் ஆற்றல் ஒரு பாதுகாப்பு வசதியும்கூட. புயலில் பாறைக் கரையை விட்டு விலக அதுதான் உதவும். ஆனால் முன்பு படகின் முழு நீளத்துக்கும் பரவியிருந்த விசை இப்போது ஒரு மீட்டர் சொச்சம் நீளமுள்ள இணைப்பில் குவிகிறது.

அந்த விசை எவ்வளவு? ஒரு சராசரிப் படகை எடுத்துக்கொள்வோம். ஏராவின் எடை 2,500 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் படகின் அடியிலிருந்து 1.2 மீட்டர் கீழே. படகு 90 பாகை சாய்ந்தால் ஏரா படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். இணைப்பில் விழும் திருப்புவிசை 2,500 பெருக்கல் 1.2, அதாவது 3 டன்-மீட்டர். போல்ட்டுகள் இரண்டு வரிசையில், வரிசைக்கு 5 என்று இருந்து, அவற்றை இழுக்கும் நெம்பு தூரம் 30 சென்டிமீட்டர் என்றால், மேற்பக்க வரிசை மொத்தமாக 10 டன் இழுவையைத் தாங்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு 2 டன். 24 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் ஒன்று நிரந்தரமாக நீளத் தொடங்கக் குறைந்தது 7 டன் வேண்டும். வலுவான வகை என்றால் அதன் இரு மடங்கு.

கணக்குப்படி பார்த்தால் ஏரா விழவே கூடாது. உண்மையில் பெரும்பாலான படகுகளில் அது விழுவதும் இல்லை. எனவே விழுந்த இடங்களில் இந்தக் கணக்கின் எந்த எண் பொய்யானது என்று தேட வேண்டியிருக்கிறது. போல்ட் இன்னும் 24 மில்லிமீட்டர்தானா? போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும் படகின் உடல் இன்னும் பழைய வலுவோடு இருக்கிறதா? விசை ஒரே முறை விழுகிறதா, லட்சம் முறை விழுகிறதா?

முதலில் போல்ட். நம் வீடுகளில் எவர்சில்வர் என்று அழைக்கும் இந்த உலோகம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அதில் உள்ள குரோமியம் காற்றிலோ நீரிலோ உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மிக மெல்லிய ஓர் ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உண்டாக்கும். கீறல் விழுந்தாலும் படலம் தானாக மறுபடி உருவாகும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஏராவுக்கும் படகின் உடலுக்கும் இடையே உள்ள இடுக்கில் பசை சற்று விட்டுவிட்டால் கடல்நீர் உள்ளே ஊறும். ஊறிய நீர் அங்கேயே தேங்கும். அதிலிருந்த சிறிதளவு ஆக்சிஜன் தீர்ந்துபோகும். புதிது வராது. உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் படலத்தைத் துளைக்கும், படலத்தால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. துளையின் உள்ளே நீர் அமிலமாகும். அமிலம் மேலும் உலோகத்தைக் கரைக்கும். இதை இடுக்கு அரிப்பு என்கிறார்கள்.

இந்த அரிப்பு போல்ட்டின் முழு நீளத்துக்கும் நடப்பதில்லை. சரியாக இணைப்புக் கோட்டில், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பகுதியில் போல்ட் இடுப்பு ஒடுங்கி மெலிகிறது. படகுக்குள் இருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது நட்டும் அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரையும்தான். அவை பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பிப் பல ஆண்டுகள் ஓட்டிய படகுகளின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது நடுவில் பென்சில் கனம்கூட மிஞ்சியிருக்கவில்லை என்று படகு மதிப்பீட்டாளர்கள் சொல்வார்கள். வார்ப்பிரும்பு ஏராவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம் போலாகி ஒன்று மற்றொன்றைத் தின்னும். அங்கே கரைவது இரும்பு, அதாவது போல்ட்டின் மரையைப் பிடித்திருக்கும் பகுதி.

நட்டை ஸ்பானர் போட்டு இறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். முழுக்க அறுந்துபோன போல்ட் என்றால் தெரியும். பாதி அரித்த போல்ட் சாதாரண இறுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் இறுக்கம் என்பது வேறொரு விதத்தில் முக்கியம். நன்றாக இறுக்கிய போல்ட் எப்போதும் ஒரே அளவு இழுவிசையில் இருக்கும். வெளியிலிருந்து வரும் விசை ஏறி இறங்கும்போது அதில் சிறு பங்கு மட்டுமே போல்ட்டுக்குப் போகும், மிச்சத்தை அமுங்கியிருக்கும் இணைப்பே ஏற்றுக்கொள்ளும். இறுக்கம் தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் முழு விசையும் போல்ட்டில் ஏறி இறங்கும். அதுதான் உலோகத்தைச் சோர்வடையச் செய்வது. புதிய படகில்கூடப் பசையும் ஃபைபரும் சில மாதங்களில் சற்று அமுங்கி இறுக்கம் குறைவதுண்டு. அதனால் முதல் பருவம் முடிந்ததும் குறிப்பிட்ட அளவுக்கு மறுபடி இறுக்கச் சொல்கிறார்கள்.

போல்ட்டைவிட எனக்கு அதிகம் கவலை தருவது தரைதட்டல். ஆழம் குறைந்த நீரில் ஏராவின் நுனி மணலையோ பாறையையோ தொடுவது கடலில் தினமும் நடக்கிறது. பலர் அதை மறுநாள் மறந்துவிடுகிறார்கள். இதிலும் ஒரு கணக்குப் போடலாம். 7 டன் படகு, 6 நாட் வேகம். அதாவது நொடிக்கு 3.1 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் அந்த 7 டன்னையும் அரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். சேற்றில் புதைந்து மெல்ல நின்றால் பெரிய பாதிப்பில்லை. பாறையில் இடித்து 10 சென்டிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை 34 டன். அது ஏராவின் நுனியில், இணைப்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் கீழே விழுகிறது. படகு முன்மூக்கைக் குத்திக் கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். மிச்சம் போதும். ஏராவின் முன்விளிம்பு படகிலிருந்து பிய்ந்து கீழே இறங்கப் பார்க்கும். பின்விளிம்பு படகின் அடியை உள்நோக்கிக் குத்தும். சாய்ந்து நிற்கும்போது 10 டன்னுக்குப் பழகிய இணைப்பு ஒரே கணத்தில் அதன் பல மடங்கைச் சந்திக்கிறது, அதுவும் வேறு திசையில்.

சேதம் எங்கே இருக்கும்? ஏராவின் நுனியில் கீறல் இருக்கும், அதைப் பூசிவிடுவார்கள். உண்மையான சேதம் படகின் உள்ளே. இன்றைய ஃபைபர் படகுகள் பலவற்றின் உடல் மெல்லியது. அதற்கு வலுச்சேர்க்கக் குறுக்கும் நெடுக்குமாக விட்டங்கள் கொண்ட ஒரு சட்டகத்தைத் தனி அச்சில் ஒரே துண்டாக வார்த்து, உடலின் உட்புறத்தில் பசையால் ஒட்டிவிடுவார்கள். ஏரா போல்ட்டுகள் உடலையும் சட்டகத்தையும் துளைத்து மேலே வரும். வேகமாக, மலிவாக, ஒரே தரத்தில் பல படகுகள் கட்ட இது நல்ல முறை. பசை பிடித்திருக்கும் வரை உடலும் சட்டகமும் ஒன்றாக வேலை செய்யும். பசை விட்ட இடத்தில் மெல்லிய உடல் தனியாக வளையத் தொடங்கும். பசை இருப்பதோ சட்டகத்துக்கு அடியில், அதற்கு மேல் தரைப்பலகை, அதற்கு மேல் மேசையும் படுக்கையும். கண்ணால் பார்க்க வழியில்லை. சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

சீக்கி ரஃபிகி பற்றிப் பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இங்கேதான் வந்து நிற்கிறது. படகு மீட்கப்படவில்லை, ஏராவும் கிடைக்கவில்லை. மிதந்த படகின் ஒளிப்படங்களும், அதே வகையைச் சேர்ந்த மற்றப் படகுகளும், பழுதுபார்ப்புப் பதிவுகளும்தான் ஆதாரம். அதனால் அறிக்கை எதையும் அடித்துச் சொல்லவில்லை. முன்பு நடந்த தரைதட்டல்களும், அதற்குப் பின் ஏராவிலும் சட்டகத்திலும் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து இணைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம். ஒன்றோ சிலவோ போல்ட்டுகள் முன்பே கெட்டிருக்கலாம். அவ்வளவுதான். ஆனால் அது சொன்ன ஒரு விஷயம் படகு உலகத்தை உலுக்கியது. லேசாகத் தட்டியது என்று ஆட்கள் சொல்லும் தரைதட்டல்கூட, வெளியே தெரியாமல், சட்டகத்தைப் பிரித்துவிடக்கூடும்.

வாடகைக்கும் பயிற்சிக்கும் போகும் படகை ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு ஆள் ஓட்டுவார். ஒருவர் மணலில் தட்டியதை அடுத்தவரிடம் சொல்வதில்லை. சொன்னால் முன்பணம் போய்விடுமோ என்ற பயம். விற்கும்போது உரிமையாளரும் சொல்வதில்லை. படகின் எந்திரத்துக்கு எத்தனை மணிநேரம் ஓடியது என்று காட்டும் கருவி உண்டு. ஏராவுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதற்கு என்ன நேர்ந்தது என்பது மனிதர்கள் வாய் திறந்தால்தான் தெரியும். பொறியியல் கணக்குகளைவிட இந்த மௌனம்தான் பெரிய ஓட்டை என்று நான் நினைக்கிறேன்.

ஏராவே நடுவில் முறியும் விபத்துகள் வேறு வகை. ஈயத்தையோ வார்ப்பிரும்பையோ ஒரே கட்டியாக வார்க்காமல், எஃகுத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்து உள்ளே கூடாக, அடியில் மட்டும் ஈயக் குமிழ் வைத்துச் செய்யும் ஏராக்கள் உண்டு. மேலே எடை குறையும், கீழே கூடும். பந்தயத்துக்கு உகந்தது. ஆனால் விசை எல்லாம் வெல்டிங் கோட்டில் போய் நிற்கும்.

1985 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் டுரான் டுரான் குழுவின் பாடகர் சைமன் லெ பானின் டிரம் என்ற பெரிய படகு, இங்கிலாந்தின் ஃபால்மவுத் அருகே ஏராவை இழந்து கவிழ்ந்தது. அவர் உட்படச் சிலர் கவிழ்ந்த படகுக்குள் சிக்கினர். கடற்படை ஹெலிகாப்டரில் வந்த முக்குளிப்பவர் அவர்களை வெளியே கொண்டுவந்தார். எல்லோரும் பிழைத்தனர். ஈயத்தைப் படகோடு இணைத்த அலுமினியக் கட்டமைப்பின் வெல்டிங் விட்டுப்போயிருந்தது. 2002 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரைக்கு அப்பால் கவிழ்ந்த எக்ஸ்காலிபர் படகில் 4 பேர் இறந்தனர். கட்டி முடித்து அதிக நாள் ஆகாத படகு. அதன் ஏரா கட்டுமானத்தின்போதே குறுக்கே வெட்டப்பட்டு, பிறகு சரிவரப் பற்றவைக்கப்படாமல், மேலே பூசி மறைக்கப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது.

2007 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்கடற்கரைக்கு அப்பால் ஹூலிகன் 5 என்ற படகு கவிழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் வடிவமைப்பாளர் வரைந்த ஏரா ஒன்று, தொழிற்சாலை கட்டிய ஏரா இன்னொன்று. செய்வதற்கு வசதியாக அமைப்பை மாற்றியவர்கள், மாற்றிய அமைப்பு எவ்வளவு தாங்கும் என்று உரியபடி கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பின்னாளில் அடிக் குமிழில் எடையும் கூட்டப்பட்டது. முறிந்த பரப்பைப் பார்த்தபோது அது உலோகச் சோர்வு என்று தெரிந்தது.

உலோகச் சோர்வு பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரு எஃகுத் துண்டு ஒரே இழுவையில் 10 டன் தாங்கும் என்றால், 3 டன் இழுவையை அது என்றென்றைக்கும் தாங்கும் என்று தோன்றும். அப்படியில்லை. விசை ஏறி இறங்கி ஏறி இறங்க, எங்காவது ஒரு நுண்ணிய குறையில் மயிரிழைக் கீறல் பிறக்கும். ஒவ்வொரு சுழற்சிக்கும் மைக்ரோமீட்டர் கணக்கில் அது முன்னேறும். கடலில் 8 நொடிக்கு ஓர் அலை என்றால் ஒரு நாளில் 10,800 சுழற்சி. ஒரு மாதப் பெருங்கடல் பயணத்தில் 3 லட்சத்துக்கு மேல். கீறல் பாதி தடிமனைத் தாண்டும் வரை படகில் இருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மிச்சமுள்ள உலோகம் கடைசியில் ஒரு சாதாரண அலையில் அறும். வெல்டிங்கின் விளிம்பும் போல்ட் மரையின் பள்ளமும் இந்தக் கீறல்கள் பிறக்க ஏற்ற இடங்கள். இங்கே பலரும் ஏமாறும் ஒரு உண்மை உண்டு. அதிக வலுவுள்ள எஃகைப் பயன்படுத்தினால் வெல்டிங்கின் சோர்வு ஆயுள் கூடுவதில்லை. அந்த விளிம்பில் பிறக்கும் கீறலுக்குச் சுற்றியுள்ள எஃகு விலையுயர்ந்ததா இல்லையா என்பது ஒரு பொருட்டல்ல. வலுவான எஃகை நம்பித் தகட்டின் தடிமனைக் குறைத்தால் ஆயுள் சுருங்கவே செய்யும்.

ஏராவும் போல்ட்டும் நல்லபடி இருந்து, படகின் அடியே அவற்றோடு போனதும் உண்டு. 2015 ஜூலையில் ஸ்பெயின் கடற்கரைக்கு அப்பால் மூழ்கிய போலினா ஸ்டார் 3 ஒரு சொகுசுப் படகு. அதன் ஏரா கழன்றபோது சுற்றியிருந்த உடல் பகுதியும் பிய்ந்து சென்றது. ஆட்கள் அனைவரும் தப்பினர். விலையும் பெயரும் இந்த விஷயத்தில் காப்பு அல்ல என்பதைப் பலர் அன்றைக்குத்தான் நம்பினார்கள்.

பந்தயக்காரர்கள் தெரிந்தே விளிம்பில் நடப்பவர்கள். 2011 ஆகஸ்டில் ராம்ப்ளர் 100, ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பிய சற்று நேரத்தில் ஏரா முறிந்து கவிழ்ந்தது. இருபக்கமும் ஊசலாடும்படி ஹைட்ராலிக் விசையால் இயங்கும் ஏரா அது. 21 பேரும் மீட்கப்பட்டார்கள். 5 பேர் படகை விட்டு விலகி இரண்டு மணிநேரத்துக்கு மேல் குளிர்நீரில் கைகோர்த்து மிதந்தனர். தனி ஆளாக உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தில், 1997 ஜனவரியில் தெற்குப் பெருங்கடலில் ஏரா முறிந்து கவிழ்ந்த படகின் இருட்டில் டோனி புல்லிமோர் 4 நாள் உயிரோடு இருந்தார். ஆஸ்திரேலியக் கடற்படையின் அடிலெய்டு கப்பலிலிருந்து வந்தவர்கள் படகின் அடியைத் தட்டியபோது அவர் நீந்தி வெளியே வந்தார்.

அதே பந்தயத்தில் 2009இல் மார்க் கியெமோவின் சாஃப்ரான் படகு, முடிவுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மைல் முன் ஏராவை இழந்தது. பக்கவாட்டுத் தொட்டிகளில் நீர் நிரப்பிச் சமன்செய்து, மிகக் குறைந்த பாயில் மெல்ல ஓட்டி அவர் மூன்றாவதாக வந்தார். 2012இல் டைட்டானிய ஏராவோடு மறுபடி கிளம்பினார். புறப்பட்ட சில மணிநேரத்தில் அதுவும் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்தப் பந்தயத்தில் ஓடும் வகைப் படகுகளின் சங்கம் ஒரு முடிவெடுத்தது. இனிப் புதிய படகுகளுக்கு அவரவர் விருப்பப்படி ஏரா கிடையாது, ஒரே வடிவம், கனமான எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. சில நூறு கிராமுக்காகச் சண்டை போடுபவர்கள் ஏராவில் மட்டும் எடையை விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு இது மிகவும் மதிப்புக்குரிய முடிவாகப் படுகிறது.

உலாப் படகில் போகிறவருக்கு அறிகுறிகள் என்னென்ன? ஏராவும் உடலும் சேரும் கோட்டில், முக்கியமாக முன்முனையில், பூசிய பின்னும் திரும்பத் திரும்ப வரும் கீறல். போல்ட் வாஷர்களைச் சுற்றி உள்ளே நட்சத்திர வடிவில் நுண்கீறல்கள். துரு கலந்த கசிவு. பின்விளிம்புக்கு நேர் மேலே விட்டத்தில் வெடிப்பு. அலையில் அறைக் கதவுகள் புதிதாக இறுகுவது. எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நீர். படகுக்குள் நீர் வந்தால் ஆட்கள் குழாய்களையும் வால்வுகளையும் தேடுவார்கள். அவை சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஏரா போல்ட்டுகளைத்தான். சந்தேகம் வந்துவிட்டால் பாயைக் குறைத்துப் படகைச் சாயவிடாமல் வைக்க வேண்டும், உயிர்காப்பு மிதவையை அவிழ்த்து மேல்தளத்தில் கைக்கெட்டும்படி வைக்க வேண்டும், அறைக்குள் யாரும் தூங்கக் கூடாது, உதவியை அப்போதே கேட்க வேண்டும். ஏரா கழன்றபின் கவிழ்வதற்குச் சில நொடிகளே ஆகலாம். தலைகீழான படகு அந்த நிலையிலேயே உறுதியாக மிதக்கும், தானாக நிமிராது.

கரையில் செய்யக்கூடிய சோதனைகளும் இருக்கின்றன. படகைப் பட்டைகளில் தூக்கி நிறுத்தி, ஏராவின் நுனியை ஒருவர் பக்கவாட்டில் தள்ள, இணைப்புக் கோட்டில் அசைவு தெரிகிறதா என்று இன்னொருவர் பார்ப்பார். பிறகு ஏராவை மெல்லக் கட்டைமேல் இறக்கும்போது உள்ளே விட்டங்கள் எழும்புகின்றனவா என்று கவனிப்பார்கள். தரையில் ஏற்றி நாள்கள் ஆன பின்னும் கோட்டிலிருந்து நீர் சொட்டினால் இடுக்கில் நீர் ஊறியிருக்கிறது என்று பொருள். போல்ட்டுகளின் நீளவாக்கில் மீயொலி அனுப்பி மெலிந்த இடத்தைக் கண்டுபிடிக்க முயலலாம். பிரிட்டனில் மரப்படகுகளின் போல்ட்டுகளை எக்ஸ்ரே எடுத்த காலம் உண்டு. ஆனால் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரு போல்ட்டையாவது கழற்றி வெளியே எடுப்பது. ஈய ஏராவில் போல்ட்டின் அடிமுனையை வளைத்து ஈயத்துக்குள் வார்த்திருப்பார்கள். அதை எடுக்க முடியாது. ஏராவையே இறக்க வேண்டும், செலவு பெரிது.

2012இல் வந்த ஐஎஸ்ஓ 12215-9 தரநிலை, ஏரா இணைப்பு 90 பாகைச் சாய்வையும், செங்குத்தாகத் தரையில் இடிப்பதையும், ஓடிவந்து முட்டுவதையும் தனித்தனியே தாங்க வேண்டும் என்கிறது. அது புதிய படகின் வடிவமைப்புக்கு. ஏற்கெனவே கடலில் இருக்கும் படகுக்கு, பெருங்கடல் பந்தயங்களின் பாதுகாப்பு விதிகள் வேறொரு கட்டாயம் வைத்திருக்கின்றன. போட்டிக்கு முந்தைய 24 மாதங்களுக்குள் தகுதியுள்ள ஒருவர் படகின் கட்டமைப்பைச் சோதித்திருக்க வேண்டும். இடையில் தரைதட்டியிருந்தால் அந்தச் சோதனை செல்லாது, தட்டிய பின் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். விதி இப்படித் தரைதட்டலை ஒரு தேதியாகப் பதிவு செய்யவைக்கிறது. பந்தயத்துக்குப் போகாத சொந்தப் படகுக்கு இப்படியொரு கட்டாயம் பெரும்பாலான நாடுகளில் இல்லை. அங்கே அந்தத் தேதியைக் குறித்துவைப்பதும், படகை விற்கும்போது வாங்குபவரிடம் அந்தக் குறிப்பேட்டைக் கொடுப்பதும் உரிமையாளரின் கையில் இருக்கிறது.